லிகூரியாவில் ஒரு வாரம், கார் இல்லை: சிங்க்வே தெர்ரே தவிர என்ன பார்க்கலாம்?

புறப்பாடு77:

வணக்கம். செப்டம்பர் 8 முதல் 15 வரை இத்தாலியின் லிகூரியா கரையில் ஏழு இரவுகள். வந்திறங்குவதும் கிளம்புவதும் ஜெனோவா. கார் எடுக்கப் போவதில்லை. ரயில், பஸ், படகு, மிச்சத்துக்கு நடை. மூன்று பேர். ஒருவருக்கு வயது 68. சமதளத்தில் ஐந்து கிலோமீட்டர் அசராமல் நடப்பார், படி இறங்கும்போதுதான் முழங்கால் படுத்தும். மூவரும் சைவம், பாலும் முட்டையும் சரி.

சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களையும் பொர்த்தோஃபினோவையும் சொல்லாத ஆளில்லை. அவற்றுக்கு ஒரு நாளுக்கு மேல் கொடுக்க மனமில்லை. எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதாமல் விட்டுவிடும் இடைஞ்சல்கள் என்னென்ன?

பாறைமுனை:

ஏழு இரவையும் ஜெனோவாவிலேயே போடாதீர்கள். லிகூரியா அரிவாள் மாதிரி வளைந்த ஒடிசலான நிலம். ஜெனோவா நடுவில், லா ஸ்பெஸியா கிழக்கு முனையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய வெந்திமில்யா மேற்கு முனையில். ஊரில் தங்கி இரண்டு பக்கமும் போய்வந்தால் பாதிப் பொழுது ரயிலில் கரையும். கிழக்கே லெவாந்தோவில் மூன்று இரவு, அடுத்து மேற்கே ஃபினாலே லிகூரேயில் நான்கு.

இந்தக் கரையில் கூட்டமில்லாத இடம் தேட ஒரு சூத்திரம் உண்டு: பழைய தண்டவாளம் எங்கே பிடுங்கப்பட்டது என்று பாருங்கள். மலை இங்கே நேராகக் கடலில் இறங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் போட்டவர்களுக்குக் கிடைத்த ஒரே சமதளம் அலையை ஒட்டிய விளிம்புதான். பிறகு இரட்டைப் பாதை தேவைப்பட்டபோது பல இடங்களில் மலையைக் குடைந்து உள்ளே தள்ளிவிட்டார்கள். காலியான விளிம்பு நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் ஆயிற்று. மேடும் படியுமான ஒரு பிரதேசத்தில் தரையோடு தரையாகக் கிடைக்கும் பாதை அது ஒன்றுதான். உங்கள் 68 வயதுக்காரருக்கென்றே செய்தது மாதிரி.

கிழக்கில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு லெவாந்தோ–பொனாசோலா–ஃப்ராமுரா பாதை. மொத்தம் ஐந்தாறு கிலோமீட்டர், பெரும்பகுதி பழைய ரயில் குகைக்குள். விளக்கு உண்டு. குகை முடியும் இடங்களில் சட்டென்று வெளிச்சம் அடிக்கும், கீழே சிறிய கூழாங்கல் குடா, மறுபடி குகை. வெயிலில் வியர்த்துவிட்டு உள்ளே நுழைந்தால் குளிர் முதுகில் ஏறும், மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று கையிலிருக்கட்டும். சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். பேசிக்கொண்டே கோட்டைத் தாண்டினால் பின்னாலிருந்து மணியடித்து விரட்டுவார்கள். பொனாசோலா பாதி வழிக்குச் சற்று முன்னால் வரும், குளிக்க நல்ல கரை. ஃப்ராமுரா என்று ஒரே ஊர் கிடையாது. ரயில் நிலையம் கடலோரம், குடியிருப்புகள் மலைமேல் சிதறிக் கிடக்கும். பாதையின் முடிவில் மேலே சாலைக்கு லிஃப்ட் இருக்கிறது. திரும்ப ரயிலில் வரலாம், ஆனால் எல்லா வண்டியும் ஃப்ராமுராவில் நிற்பதில்லை. கிளம்பும் முன்பே திரும்பும் ரயிலைக் குறித்துக்கொண்டு அதற்கேற்ப நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சான் ஃப்ரூத்துவோசோ. கமோலியிலிருந்து படகில் அரை மணி நேரம். சாலை கிடையாது, படகு அல்லது நடை மட்டுமே. குடாவின் தொண்டைக்குழியில் ஒரு பழைய மடாலயம், அதில் தோரியா குடும்பத்தின் 13ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கல். 1983 முதல் இத்தாலியப் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையான ஃபாயிடம் இருக்கிறது. கடலடியில் கிறிஸ்து சிலை இருப்பதும் இங்கேதான். 1954 ஆகஸ்டில் இறக்கினார்கள், ஆழம் சுமார் 17 மீட்டர். படகிலிருந்து பார்த்துவிடலாம் என்று போய் ஏமாறாதீர்கள், முக்குளிப்பவர்களுக்கே அது. மற்றவர்களுக்கு அங்குள்ள தேவாலயத்தில் நகல் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது கடல். காற்று கிளம்பினால் படகை நிறுத்திவிடுவார்கள். காலையில் இறக்கிவிட்ட பிறகு நின்றால், வெளியேற ஒரே வழி மலையேறி இறங்குவது. பொர்த்தோஃபினோ பக்கம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஏற்ற இறக்கம், அதிலும் கடைசியில் இறங்குபடிகள். ஆகவே முதல் படகில் போங்கள், கடைசிப் படகை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கமோலியிலிருந்து 'பத்தேரியே' வழியாக வரும் கடலோரப் பாதை வரைபடத்தில் கிட்டத்தில் தெரியும். சில இடங்களில் பாறையில் அடித்த சங்கிலியைப் பிடித்துத்தான் கடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அது ஆகவே ஆகாது.

மூன்றாவது, உங்கள் தேதியால் வந்த அதிர்ஷ்டம். பொர்த்தோவேனெரேக்கு எதிரே மூன்று தீவுகள்: பால்மாரியா, தீனோ, தினெத்தோ. 1997இல் சிங்க்வே தெர்ரேயோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. பால்மாரியாவுக்கு எப்போதும் படகு உண்டு, சில நிமிடப் பயணம். தீனோ ராணுவத்தின் கையில் இருக்கிறது. அங்கே புனித வெனேரியோவின் விழா நாளான செப்டம்பர் 13ஐ ஒட்டித்தான் பொதுமக்களை விடுவார்கள். கலங்கரை விளக்கம், பழைய மடத்தின் இடிபாடுகள். அந்த ஆண்டின் படகு ஏற்பாட்டை லா ஸ்பெஸியா சுற்றுலா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மேற்குக்கரை:

கிழக்கைப் பற்றி மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் கூட்டம் குறைவுதான் முதல் நிபந்தனை என்றால் மேற்குதான் உங்கள் பக்கம். அதே தண்டவாளச் சூத்திரம் இங்கே இன்னும் நன்றாகப் பலிக்கும், கூடவே தொல்லையும் தரும்.

முதலில் தொல்லை. ஃபினாலேயிலிருந்து அந்தோரா வரை இன்றும் ஒற்றைத் தண்டவாளம், கடலோரமாகவே ஓடுகிறது. எதிர்வண்டி தாமதமானால் உங்கள் வண்டி ஏதாவதொரு நிலையத்தில் நின்று வழிவிடும். பத்து நிமிட இடைவெளியில் வண்டி மாறுவதாகத் திட்டம் போடாதீர்கள். அந்தோராவிலிருந்து சான் லொரென்சோ வரை 2016 டிசம்பரில் புதுப் பாதை உள்ளே போய்விட்டது. அப்போது செர்வோவின் நிலையம் மூடப்பட்டது. பழைய புத்தகத்தில் 'செர்வோவில் இறங்கி மேலே ஏறவும்' என்று இருந்தால் அதைக் கிழித்துவிடலாம். இப்போது தியானோவிலோ அந்தோராவிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அந்த நிலையங்களும் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியே இருக்கின்றன. இதனாலேயே செர்வோவில் கூட்டம் குறைந்தது என்பது என் கட்சி. உச்சியில் பரோக் பாணித் தேவாலயம், முகப்பு கடலைப் பார்த்து உள்வாங்கி வளைந்திருக்கும். பவளம் எடுக்கப் போன மீனவர்களின் பெயரால் 'கொரல்லீனி' தேவாலயம் என்பார்கள். ஊர் முழுக்கப் படி. முழங்கால்காரர் ஏறிவிடுவார், இறங்கும்போது நேரம் கொடுங்கள்.

நோலியும் இதே கதைதான். 1977இல் பாதை உள்ளே போனதோடு நிலையம் போயிற்று. 'ஸ்பொதோர்னோ-நோலி' என்று பலகை இருந்தாலும் நீங்கள் இறங்குவது ஸ்பொதோர்னோவில், அங்கிருந்து கடற்கரைச் சாலை பஸ். 1192 முதல் 1797 வரை இந்தக் குட்டி ஊர் ஒரு தனிக் குடியரசு. கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. மதிலுக்கு வெளியே சான் பராகோரியோ தேவாலயம், லிகூரியாவின் மிகப் பழைய ரோமனெஸ்க் (வட்ட வளைவுகள் கொண்ட இடைக்காலப் பாணி) கட்டடங்களில் ஒன்று. எல்லா நாளும் திறந்திருக்காது, நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். அதே பஸ்ஸில் தொடர்ந்தால் வாரிகொத்தி, மணலுக்கே வந்து நிற்கும் தட்டைக்கூரை வீடுகள்.

ஃபினாலேயில் ரயில் நிலையத்திலிருந்து ஃபினால்போர்கோவுக்குச் சமதளத்தில் கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நடை. மதில் சூழ்ந்த ஊர், உள்ளே வண்டித் தொந்தரவு கிடையாது. உடம்பு ஒத்துழைப்பவர்கள் பின்னாலுள்ள பொஞ்சி பள்ளத்தாக்குக்குப் போகலாம். அகஸ்டஸ் காலத்து யூலியா அகஸ்தா சாலையில், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் ஐந்து ரோமானியப் பாலங்கள் அங்கே இருக்கின்றன. சில இடிந்தவை. முழுசாக நிற்பது 'தேவதைப் பாலம்' என்று பொருள்படும் பொந்தே தெல்லே ஃபாத்தே. காட்டுக்குள் கேட்பாரற்று நிற்கிறது, டிக்கெட் கிடையாது.

ஆனால் ஒரே ஒரு நாள்தான் மேற்குக்கு என்றால் நான் அல்பெங்காவைத்தான் சொல்வேன். நிலையத்திலிருந்து பழைய ஊர் பத்து நிமிடம். 5ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானக் கட்டடம் வெளியே பத்து முகம், உள்ளே எட்டு. உள்ளே போகப் படி இறங்க வேண்டும். கட்டியவர்கள் குழியில் கட்டவில்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் ஊர்தான் மேலே எழும்பிவிட்டது. கண்ணை இருட்டுக்குப் பழக்கி ஒரு நிமிடம் நின்றால், ஒரு மாடத்தின் வளைவில் நீலப் பின்னணியில் மொசைக் தெரியும்: ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கிறிஸ்து முத்திரைகள், சுற்றிலும் பன்னிரண்டு புறாக்கள். அதே ஊரில், அருகிலுள்ள கடலில் மூழ்கிய கி.மு. 1ஆம் நூற்றாண்டு ரோமானிய மதுக்கப்பலின் ஜாடிகளுக்கென்று ஒரு அருங்காட்சியகம் உண்டு. அந்தக் கப்பலில் இருந்தவை பத்தாயிரம் ஜாடிகள் அளவில். 1950இல் மேலே கொண்டுவந்தது போக மிச்சம் இன்னும் கடலடியில்தான்.

அல்பெங்காவிலிருந்து அலாஸ்ஸியோவுக்கு ரோமானியச் சாலையிலேயே நடக்கலாம். இரண்டு மணி நேரம், வழியில் கல்லறைகளின் இடிபாடு, வலப்பக்கம் மலை, இடப்பக்கம் கல்லினாரா தீவு. தண்ணீர் கையோடு கொண்டுபோகவும், நடுவில் கடை இல்லை. பழைய கல் பாவிய பகுதிகள் மேடுபள்ளமாக இருக்கும், செருப்பில் போகாதீர்கள்.

புறப்பாடு77:

நன்றி, இவ்வளவு விவரமாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்று சின்னச் சந்தேகம். குகை ஒன்றாவது பார்க்க ஆசை. தொய்ரானோவா, போர்ஜோ வெரெத்ஸியா? படியே இல்லாத முழு நாள் ஒன்று அமையுமா? ரயில் டிக்கெட் விஷயத்தில் என்ன ஜாக்கிரதை?

இரண்டாம்வகுப்பு:

கேள்விக்குப் போகும் முன் ஒரு திருத்தம். பாறைமுனை சொன்ன வரிசையில் முதலில் கிழக்கு, பிறகு மேற்கு என்று போனால், தீனோ திறக்கும் 13ஆம் தேதி நீங்கள் ஃபினாலேயில் உட்கார்ந்திருப்பீர்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். 8, 9, 10, 11 இரவுகள் ஃபினாலே. 12, 13, 14 லெவாந்தோ. 15 அன்று லெவாந்தோவிலிருந்து ஜெனோவாவுக்கு நேர் ரயில் இருக்கிறது.

குகை: ஆளைப் பொறுத்தது. தொய்ரானோ பெரியது, ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் நடை, ஒரு மணி நேரத்துக்குக் கூடுதல். சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் உள்ளே போன மனிதர்களின் காலடித் தடங்கள் களிமண்ணில் பதிந்து கிடைத்த இடம், குகைக்கரடிகளின் எலும்புக் குவியலும் உண்டு. ஆனால் நிலையம் ஊரில் இல்லை. போர்கெத்தோ சாந்தோ ஸ்பீரித்தோவில் இறங்கி பஸ்ஸில் உள்ளே போக வேண்டும், குகைக்குள் சில இடங்களில் குனிந்தும் நடக்க வேண்டும். போர்ஜோ வெரெத்ஸி சிறியது, 800 மீட்டர் அளவு, இரும்புச் சத்தால் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் ஏறிய பாறை, நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இரண்டிலும் வழிகாட்டியோடு மட்டுமே அனுமதி, இரண்டிலும் வெப்பநிலை 16 டிகிரி அளவில், இரண்டிலும் ஈரப் படிகள். உங்கள் நிலைமைக்கு வெரெத்ஸி போதும். தொய்ரானோவை மற்ற இருவர் பார்க்கட்டும்.

படியில்லாத நாள்: இரண்டு யோசனை. ஒன்று, வராத்ஸே–கோகோலெத்தோ. இதுவும் பழைய தண்டவாள விளிம்புதான், ஐந்து கிலோமீட்டருக்குள், குட்டிக் குகைகள், கரும்பச்சைப் பாறைகள், இடையிடையே காசு வாங்காத கடற்கரை. ஃபினாலேயிலிருந்து ஜெனோவா பக்கம் போகும் வண்டியில் வழியிலேயே இருக்கிறது. இரண்டாவது, சான் லொரென்சோவிலிருந்து ஒஸ்பெதலெத்தி வரை 24 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. முழுவதும் ஓட்ட வேண்டியதில்லை. ஆர்மா தி தாஜ்ஜாவில் வாடகைக்கு எடுத்து சான்ரேமோ வரை போய்த் திரும்பினால் போதும். தெம்பிருந்தால் சான்ரேமோவைத் தாண்டி ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளக் குகை ஒன்று வரும். சுவரில் மிலான்–சான்ரேமோ சைக்கிள் பந்தயத்தின் வரலாறு ஆண்டுவாரியாக ஒட்டியிருக்கிறது. ரயிலில் திரும்புவதானால் ஒரு விஷயம்: சான்ரேமோ நிலையம் மலைக்குள் இருக்கிறது. வாசலிலிருந்து நடைமேடைக்கு நீண்ட சுரங்க நடை. வண்டிக்கு ஐந்து நிமிடம் முன்னால் வாசலுக்கு வந்தால் வண்டி போய்விடும்.

டிக்கெட்: காகிதத்தில் எடுக்கும் வட்டார ரயில் டிக்கெட்டை ஏறும் முன் நிலையத்தில் உள்ள எந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கைப்பேசியில் எடுத்தால் ஏறும் முன் 'செக்-இன்' அழுத்த வேண்டும். காசு கொடுத்து டிக்கெட் வைத்திருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றை மறந்தவர்கள். சிங்க்வே தெர்ரே ரயில் அட்டை லெவாந்தோ–லா ஸ்பெஸியா இடைவெளிக்கு மட்டும். ஃப்ராமுராவுக்குச் செல்லாது, தனி டிக்கெட் எடுங்கள்.

வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். 'ஷோப்பெரோ' என்ற சொல்லை நிலையப் பலகையில் கண்டால் நின்று படியுங்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட வட்டார வண்டிகள் ஓடியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. பஸ்ஸில் இன்னொரு பொறி: செப்டம்பர் நடுவில் பள்ளி திறந்ததும் கோடைக்கால அட்டவணை மாறும். விடுதியில் ஒட்டியிருக்கும் தாளை நம்பாமல் நிறுத்தத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். பஸ் டிக்கெட்டைப் புகையிலைக் கடையில் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மழைக்காலம் இலையுதிர்காலத்தில்தான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுவார்கள். 2011 அக்டோபர் 25 அன்று வெர்னாத்ஸாவையும் மொந்தெரோஸ்ஸோவையும் சேறு மூடிய பிறகு இந்த விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை. ஆரஞ்சு வந்துவிட்டால் அன்றைக்கு மலைப்பாதையை மறந்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

பாறைமுனை:

வரிசைத் திருத்தத்துக்கு நன்றி, தேதியைக் கணக்குப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

சாப்பாட்டை யாரும் தொடவில்லை. இந்தக் கரையில் சைவத்துக்குக் கஷ்டமே இல்லை. ஃபரினாத்தா என்பது கடலைமாவைத் தண்ணீரில் மூன்று மடங்குக்குக் கரைத்து, சில மணி நேரம் ஊறவிட்டு, நுரையை வழித்துவிட்டு, ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்து, அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டது. ஓரம் மொறுமொறுப்பாக, நடு மெத்தென்று இருக்க வேண்டும். ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும், தட்டு வெளியே வரும் நேரத்துக்கு வரிசையில் நில்லுங்கள். பல கடைகளில் மாலையில்தான் போடுவார்கள். சவோனாவில் கோதுமை மாவில் செய்த வெள்ளை ஃபரினாத்தாவும் கிடைக்கும். ரெக்கோவில் சீஸ் ஃபொக்காச்சா: ஈஸ்ட் இல்லாத இரண்டு மெல்லிய மாவுத் தாள்களுக்கு நடுவில் இளஞ்சீஸ். கமோலிக்கு அடுத்த நிலையம்தான் ரெக்கோ, சான் ஃப்ரூத்துவோசோ நாளோடு சேர்த்துவிடுங்கள். லா ஸ்பெஸியாவில் மெஸ்ச்சுவா: கொண்டைக்கடலை, வெள்ளை பீன்ஸ், கோதுமை மூன்றையும் வேகவைத்து எண்ணெயும் மிளகும் போட்டது.

பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ சாஸில் மாட்டுப்பால், செம்மறியாட்டுப்பால் சீஸ் இரண்டும் சேரும். அதில் மாட்டுப்பால் சீஸான பார்மிஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற உறைபொருள் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள், அதைத் தவிர்ப்பவர்கள் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சான்ரேமோ பக்கம் சர்தெனாய்ரா என்று தக்காளி பூசிய ரொட்டி கண்ணாடிப் பெட்டிக்குள் சைவம் மாதிரியே உட்கார்ந்திருக்கும். நெத்திலி இல்லாமல் அது இல்லை. மேலே மீன் தெரியாத துண்டாகப் பொறுக்கினாலும் பயனில்லை, சாஸிலேயே கரைந்திருக்கும்.